ஓலைக் கொழுக்கட்டையும் ஓலைக் காற்றாடியும்: மழை நாளில் பிள்ளைகளோடு செய்து பார்க்க

திருக்கார்த்திகைக்கு இரண்டு நாள் முன்பே திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரிப் பக்கத்துச் சந்தைகளில் பனை ஓலை கட்டுக் கட்டாக வந்து இறங்கிவிடும். மழைக்காலம் அது. பள்ளிக்கூடம் விடுமுறை விட்டுவிடுவார்கள், வெளியே போய் விளையாடவும் முடியாது. வீட்டுக்குள் நான்கு பிள்ளைகள் இருந்தால் மத்தியானத்துக்குள் வீடு இரண்டு பட்டுவிடும். எங்கள் ஆச்சி அந்த நேரம் பார்த்து ஓலையை எடுத்து நடுவீட்டில் போடுவாள். ஆளுக்கு ஒரு வேலை. சாயங்காலம் விளக்கேற்றும்போது இட்லிக் கொப்பரையில் கொழுக்கட்டை வெந்துகொண்டிருக்கும், ஒவ்வொரு பிள்ளை கையிலும் ஒரு காற்றாடி இருக்கும்.

இப்போது நான் என் பிள்ளைகளோடும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடும் அதையே செய்கிறேன். பனை ஓலையைக் கையால் தொட்டதே இல்லை என்பவர்களும் முதல் தடவையிலேயே செய்துவிடலாம். கொழுக்கட்டைக்கும் விளையாட்டுச் சாமானுக்கும் மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். மாவையும் பாசிப்பயறையும் முதல் நாள் இரவே தயார் செய்துகொண்டால் பிள்ளைகள் காத்திருந்து சலித்துப்போக மாட்டார்கள். கடைசியில் ஓலையில் எழுதுகிற வேலை ஒன்று சொல்கிறேன். அதற்கு மட்டும் இரண்டு மூன்று நாள் இடைவெளி வேண்டும்.

முதலில் ஓலை

பனை ஓலைக்கு மூன்று பருவம் உண்டு. இன்னும் விரியாமல் வெளிர் மஞ்சளாக நிற்பது குருத்தோலை. விரிந்து பச்சை ஏறியது சாரோலை. காய்ந்து தொங்குவது காவோலை. காவோலையைப் பார்த்துக் குருத்தோலை சிரித்ததாம் என்று சொல்வார்களே, அந்த இரண்டையும் பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டே வேலையைத் தொடங்குங்கள். கொழுக்கட்டைக்கு இளம் பச்சையாக இருக்கிற சாரோலை போதும். மடித்துச் செய்கிற விளையாட்டுச் சாமானுக்குக் குருத்தோலைதான் நன்றாக வளையும், முறியாது.

குருத்தோலை கேட்கும்போது ஒன்றை மறக்க வேண்டாம். பனைக்குக் கிளை கிடையாது, உச்சியில் ஒரே ஒரு குருத்துதான். அந்த வளருமிடம் போனால் மரமே போய்விடும். அதனால் தெரிந்த மரமேறியிடம் சொல்லி ஒரே ஒரு ஓலை வெட்டித் தரச் சொல்லுங்கள், அல்லது சந்தையில் வாங்குங்கள். தெருவோரத்துச் சிறு வடலியில் (இளம் பனையில்) நீங்களே கத்தி வைக்காதீர்கள். பனை நம்முடைய மாநில மரம் என்று பாடப் புத்தகத்தில் படிக்கிற பிள்ளைகளுக்கு, அதை எப்படி வெட்டக் கூடாது என்பதும் தெரிந்திருக்கட்டும்.

விசிறி போல விரிந்த முழு ஓலை ஒன்று கிடைத்தால் இருபது இருபத்தைந்து கொழுக்கட்டைக்கும் நாலைந்து பிள்ளைகளின் விளையாட்டுக்கும் தாராளம். பனை இல்லாத ஊரில் இருப்பவர்கள் தென்னங்கீற்றிலும் செய்யலாம். அகலம் குறைவு என்பதால் கொழுக்கட்டை விரல் பருமனில்தான் வரும். அதுவும் கிடைக்காவிட்டால் வாழை இலையைத் தணலில் லேசாக வாட்டிப் பொட்டலமாக மடித்து வேக வைக்கலாம். சாப்பிட நன்றாகவே இருக்கும். ஆனால் ஓலை வேகும்போது வருகிற அந்த மணமும், வாழை இலையில் காற்றாடியும் வராது. சென்னை போன்ற ஊர்களில் இருப்பவர்கள் குருத்தோலை ஞாயிறு சமயத்திலும் விசாரித்துப் பாருங்கள். ஈஸ்டருக்கு முந்தைய அந்த ஞாயிற்றுக்கிழமைக்காகத் தேவாலயங்களுக்கு ஓலை வரும். அதில் பிள்ளைகள் சிலுவை மடிப்பார்கள். அதே விரல் பழக்கம்தான் இங்கேயும் வேண்டும்.

ஓலை வந்ததும் பெரியவர் ஒருவர் செய்ய வேண்டிய வேலை, மட்டையை அகற்றுவது. மட்டையின் இரண்டு ஓரத்திலும் இருக்கிற கருக்கு ரம்பம் மாதிரி கிழிக்கும். பிள்ளைகள் பக்கத்திலேயே வரக் கூடாது. அப்புறம் ஓலைகளைத் தனித்தனியாகப் பிரித்து, ஈரத் துணியால் இரண்டு பக்கமும் துடைக்க வேண்டும். மடிப்புக்குள் தூசியும் எறும்பும் இருக்கும். துடைக்கிற வேலையை ஐந்து வயதுப் பிள்ளையிடம் தாராளமாகக் கொடுக்கலாம். ஒன்றை மட்டும் சொல்லிக் கொடுங்கள்: விரலை ஓலையின் ஓரத்தோடு சேர்த்து வேகமாக இழுக்கக் கூடாது, காகிதம் கீறுவது போலக் கீறிவிடும். மெதுவாக, நடுவிலிருந்து நுனிப் பக்கமாகத் துடைக்கட்டும்.

துடைத்த ஓலைகளை மூன்றாகப் பிரித்து வையுங்கள். அகலமானவை கொழுக்கட்டைக்கு. நீளமாகவும் வளைவாகவும் இருக்கிற குருத்துகள் விளையாட்டுக்கு. கறை, கிழிசல் இல்லாத நான்கைந்து குருத்தோலைகள் எழுதுவதற்கு. விளையாட்டுக்கு எடுத்ததை ஈரத் துணியில் சுற்றி ஓரமாக வைத்துவிடுங்கள். வாடினால் மடிக்கும்போது வெடிக்கும்.

மாவும் கருப்பட்டியும்

இருபது கொழுக்கட்டைக்கு: பச்சரிசி மாவு 2 டம்ளர், கருப்பட்டி 200 கிராம், துருவிய தேங்காய் முக்கால் டம்ளர், பாசிப்பயறு கால் டம்ளர், ஏலக்காய் 4, சுக்குப்பொடி அரைத் தேக்கரண்டி, ஒரு சிட்டிகை உப்பு. டம்ளர் என்பது 200 மில்லி பிடிக்கிற சாதாரண எவர்சில்வர் டம்ளர். எண்ணெயோ நெய்யோ ஒரு சொட்டும் வேண்டாம்.

வீட்டில் மாவு திரிப்பதாக இருந்தால் பச்சரிசியை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, வடித்து, துணியில் நிழலுலர்த்தி, கையில் ஒட்டாமல் ஈரப்பதம் மட்டும் இருக்கும்போது திரித்துச் சலித்துக்கொள்ளுங்கள். இந்த மாவில் செய்தால் மிருதுவாக வரும். கடை மாவும் பரவாயில்லை. எந்த மாவாக இருந்தாலும் வெறும் வாணலியில், சிறு தீயில், நிறம் மாறாமல் வறுக்க வேண்டும். விரலில் எடுத்துக் கோலம் போட்டால் இழை அறுபடாமல் விழுகிற பதத்தில் இறக்கிவிடுங்கள். அந்தச் சோதனையைப் பிள்ளைகளே செய்யட்டும். ஆறிய மாவைத் தட்டில் எடுத்துக் கொடுத்தால் ஆளுக்கொரு இழை போட்டுப் பார்ப்பார்கள், பதம் கைக்குப் பிடிபட்டுவிடும்.

பாசிப்பயறை மணம் வர வறுத்து, தண்ணீர் ஊற்றி, முழுசாகவும் மெத்தென்றும் இருக்கும்படி வேக வைத்து வடித்துக்கொள்ளுங்கள். குழைந்துவிட்டால் மாவோடு கலந்து காணாமல் போய்விடும். பல்லில் ஒவ்வொன்றாகத் தட்டுப்பட்டால்தான் ருசி.

அடுத்தது கருப்பட்டி. இதில் அவசரப்படக் கூடாது. பதநீரைக் காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றி ஆறவைத்து எடுப்பதுதான் கருப்பட்டி. அதனால்தான் அந்த அரை உருண்டை வடிவம். உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கிடைத்தால் அதை வாங்குங்கள், இல்லாவிட்டால் நம்பிக்கையான கடையில் எந்த ஊர்க் கருப்பட்டியையும் வாங்கலாம். துணியில் முடிந்து உலக்கையாலோ குழவியாலோ தட்டினால் பொடிந்துவிடும். தட்டுகிற வேலைக்குப் பிள்ளைகள் நான் நீ என்று போட்டி போடுவார்கள். ஆளுக்குப் பத்துத் தட்டு என்று கணக்கு வைத்துக் கொடுங்கள்.

பொடித்ததை அரை டம்ளர் தண்ணீரில் போட்டு அடுப்பில் வையுங்கள். கரைந்து ஒரு கொதி வந்தால் போதும், பாகு ஆகவே கூடாது. நான் முதன்முதலாகத் தனியாகச் செய்தபோது அதிரசத்துக்கு வைப்பது போலப் பாகு காய்ச்சிவிட்டேன். கொழுக்கட்டை வெந்து ஆறியதும் கல் மாதிரி ஆகிவிட்டது, பிள்ளைகள் பாதியிலேயே வைத்துவிட்டார்கள். கரைசலை மெல்லிய துணியிலோ நெருக்கமான வடிகட்டியிலோ கண்டிப்பாக வடிகட்டுங்கள். கருப்பட்டியில் மணலும் தும்பும் இருக்கும்.

அகலமான பாத்திரத்தில் மாவு, தேங்காய், பயறு, தட்டிய ஏலக்காய், சுக்கு, உப்பு எல்லாவற்றையும் பிள்ளைகள் கையால் பிசறிக் கலக்கட்டும். அதன்மேல் சூடான கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாக நீங்கள் ஊற்றிக் கரண்டிக் காம்பால் கிளறுங்கள். இந்தச் சூட்டில்தான் மாவு பாதி வேகிறது, ஆறின கரைசலை ஊற்றினால் விண்டு போகும். ஆனால் சூடாக இருக்கும்வரை பிள்ளைகள் கை வைக்கக் கூடாது. உங்கள் புறங்கையில் தொட்டுப் பார்த்து, பொறுக்கிற சூடு வந்தபிறகு பிசையக் கொடுங்கள். மாவு எவ்வளவு நீர் குடிக்கும் என்பது ஒவ்வொரு மாவுக்கும் மாறும். கையில் பிடித்தால் விரல் ரேகை பதிந்து நிற்க வேண்டும், உள்ளங்கையில் ஒட்டக் கூடாது. உதிர்ந்தால் வெந்நீர் தெளியுங்கள். தளர்ந்துவிட்டால் வறுத்த மாவு ஒரு கை தூவுங்கள். அதற்காகவே கொஞ்சம் மாவைத் தனியே எடுத்து வைத்திருப்பது நல்லது.

ஓலைக்குள் வைத்துக் கட்டுவது

பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கிற கட்டம் இது. சமையலும் கைவேலையும் ஒன்றாகிவிடும்.

ஒவ்வொரு ஓலைக்கும் நடுவில் ஈர்க்கு ஓடும். அதை முதுகாக வைத்து ஓலை தானாகவே இரண்டாக மடிந்திருக்கும். புத்தகம் மாதிரி. அகலமான பகுதியை 15 சென்டிமீட்டர் நீளத்துக்குக் கத்தரித்து நறுக்குகளாக்குங்கள். ஈர்க்கின் முனை நீட்டிக்கொண்டிருந்தால் ஒட்ட வெட்டிவிடுங்கள், கண்ணில் குத்தும். கட்டுவதற்கு, குறுகலான ஓலைகளிலிருந்து ஈர்க்கை எடுத்துவிட்டு அரை விரல்கூட அகலமில்லாத நார்களாகக் கிழித்துத் தண்ணீரில் போட்டு வையுங்கள். ஓலை நீளவாக்கில் நேராகக் கிழியும். நகத்தால் ஒரு கீறல் போட்டு இழுத்தால் நூல் பிடித்தது போல வரும். எட்டு வயதுப் பிள்ளை இதைச் செய்ய ஆரம்பித்தால் நிறுத்தவே மாட்டான்.

நறுக்கைத் திறந்து, மாவை விரல் நீளத்துக்கு உருட்டி, மடிப்புக்குள் வைத்து மெதுவாக அழுத்துங்கள். மூடினால் இரண்டு விளிம்பும் சேர வேண்டும், நுனிகளில் ஒரு விரல் அகலம் வெற்றிடம் இருக்க வேண்டும். சின்னப் பிள்ளைகள் நிறைய வைக்கத்தான் ஆசைப்படுவார்கள். ஒன்றிரண்டு பிதுங்கட்டும், அடுத்ததில் அவர்களே அளவைக் குறைப்பார்கள். மூடியதும் இரண்டு இடத்தில் நாரைச் சுற்றி முடிச்சுப் போட வேண்டும். முடிச்சு வராத பிள்ளைகள் இரண்டு சுற்றுச் சுற்றி நுனியைச் சுற்றுக்கு அடியில் சொருகினாலே நிற்கும். அகலம் போதாத ஓலைகளை வீணாக்க வேண்டாம். ஒரு நறுக்கில் மாவை வைத்து இன்னொரு நறுக்கை மேலே கவிழ்த்துக் கட்டிவிடலாம்.

ஆளுக்கு ஓர் அடையாளம் வைக்கச் சொல்லுங்கள். ஒருவன் நாரை மூன்று இடத்தில் கட்டுவான், ஒருத்தி நுனியில் பூப்போலக் கத்தரித்துவிடுவாள். வெந்தபிறகு அவரவர் கட்டியதை அவரவர் தேடிப் பிடிக்கிற சந்தோஷம் தனி.

இட்லிக் கொப்பரையில் தண்ணீர் ஊற்றிக் கொதிக்க விடுங்கள். தட்டின்மேல் கழிவு ஓலைத் துண்டுகளைப் பரப்பி, அதன்மேல் பொட்டலங்களை நெருக்காமல் அடுக்கி மூடுங்கள். ஆவி வந்ததிலிருந்து 20 நிமிடம். இந்த 20 நிமிடத்தில் அடுப்பங்கரையில் பிள்ளைகள் நிற்க வேண்டாம். காற்றாடி செய்யப் போய்விடலாம். எங்கள் ஆச்சி கடிகாரமே பார்க்க மாட்டாள். "ஓலை மணம் வாசலுக்கு வந்துட்டுன்னா அடுப்ப அமத்திரு ட்டீ" என்பாள். அது சரியாகத்தான் இருக்கும், ஆனாலும் புதிதாகச் செய்கிறவர்கள் கடிகாரத்தையும் பாருங்கள்.

மூடியைத் திறக்கும்போது உங்கள் பக்கம் மறைப்பாகவும் எதிர்ப்பக்கம் திறப்பாகவும் சாய்த்துத் திறங்கள், ஆவி எதிர்த்திசையில் போய்விடும். ஒன்றை எடுத்து ஐந்து நிமிடம் ஆறவிட்டுப் பிரியுங்கள். ஓலையில் ஒட்டாமல் வழுவழுப்பாகப் பிரிந்து வந்தால் வெந்துவிட்டது. வெள்ளைத் திட்டு தெரிந்தால் மாவு சரியாகக் கலக்கவில்லை என்று அர்த்தம். இன்னும் ஐந்து நிமிடம் வேகட்டும், அடுத்த முறை நன்றாகப் பிசையுங்கள். பிரித்ததும் கொழுக்கட்டையின் மேல் ஓலையின் நரம்புகள் கோடு கோடாகப் பதிந்திருப்பதைப் பிள்ளைகளிடம் காட்டுங்கள். ஆறேழு வயதுப் பிள்ளைகள் சாப்பிடாமல் அதையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

தேங்காய் சேர்ந்திருப்பதால் மறுநாள் காலைவரை வெளியே வைக்கலாம், அதற்குமேல் வேண்டாம். மறுநாள் ஆவியில் சூடு காட்டினால் திரும்ப மெத்தென்று ஆகிவிடும்.

பாம்பு, அப்புறம் காற்றாடி

ஐந்து வயதுக்கு மேல் எல்லோருக்கும் ஓலைப் பாம்பு செய்ய வரும். அதையே முதலில் சொல்லிக் கொடுங்கள், காற்றாடியை அடுத்து வைத்துக்கொள்ளலாம். மூன்று வயதுக்கும் கீழே உள்ள குழந்தைகளிடம் நீள நார்களைக் கொடுக்க வேண்டாம். கழுத்தில் சுற்றிக்கொள்வார்கள், வாயில் வைப்பார்கள்.

குருத்தோலையின் ஈர்க்கை நீக்கி, ஒன்றரை சென்டிமீட்டர் அகலத்தில், கிடைக்கிற நீளத்துக்கு இரண்டு நார் எடுங்கள். இரண்டின் அகலமும் ஒன்றாக இருக்க வேண்டும், அது முக்கியம். இரண்டையும் 'ட' எழுத்தின் மூலை போலச் செங்குத்தாக ஒன்றன்மேல் ஒன்று வைத்து, மூலையில் நூலால் ஒரு தையல் போடுங்கள். அடியில் இருக்கிற நாரை மேலே மடியுங்கள். இப்போது மற்றது அடியில் வந்திருக்கும், அதை மேலே மடியுங்கள். மாற்றி மாற்றி இப்படியே நுனிவரை. "கீழே இருக்கிறவன் மேலே வரட்டும்" என்று சொல்லிக்கொண்டே மடித்தால் பிள்ளைகள் தவறுவதில்லை. முடிவில் மூலையில் இன்னொரு தையல். மீந்த நுனியைப் பிளந்து விட்டால் நாக்கு. இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும்.

காற்றாடிக்கு ஈர்க்கு நீக்கிய நறுக்கு இரண்டு வேண்டும். ஒவ்வொன்றும் 18 சென்டிமீட்டர் நீளம், 2 சென்டிமீட்டர் அகலம். கூட்டல் குறி போல வைத்து நடுவில் நூலால் பெருக்கல் குறித் தையல் போடுங்கள். ஓலை வழுக்கும், பசை பிடிக்காது. தையல்தான் நிற்கும். நடுவில் தடித்த ஊசியால் ஓட்டை போடுங்கள். குண்டூசி தளர்வாகச் சுழல வேண்டும், அதன் தலை உள்ளே போய்விடக் கூடாது.

இனி மடிப்பு. முதல் தடவை செய்கிற எல்லோருக்கும் தவறு வருவது இங்கேதான். ஒரு கையை, அதாவது காற்றாடியின் ஓர் இறக்கையை, மேல் நோக்கிப் பிடியுங்கள். அதன் வலப்பக்க விளிம்பைப் பாதி அகலத்துக்கு உங்கள் பக்கமாக நீளவாக்கில் மடித்து, படிந்து போகாமல் கொஞ்சம் தூக்கி விடுங்கள். காற்றாடியைக் கால் சுற்றுத் திருப்பி அடுத்த இறக்கையை மேலே கொண்டு வாருங்கள். மறுபடியும் வலப்பக்கம், மறுபடியும் உங்கள் பக்கம். நான்கும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். சாய்வான பரப்பில் காற்று மோதும்போது அதை ஒரு பக்கமாகத் தள்ளும். நான்கு இறக்கையும் ஒரே சுற்றில் தள்ளினால் சுழலும், ஒன்று மாறி மடிந்திருந்தாலும் ஒன்றையொன்று தடுத்துத் தயங்கி நிற்கும். சுழலாத காற்றாடியைக் கொண்டுவந்து காட்டுகிற பிள்ளைக்கு நீங்கள் சரி செய்து கொடுத்துவிடாதீர்கள். எந்த இறக்கை மற்றவை போல இல்லை என்று கேளுங்கள். கண்டுபிடித்து அவனே திருப்பி மடித்து, அது சுழல ஆரம்பிக்கும்போது அந்த முகத்தைப் பார்க்க வேண்டும்.

மடிப்புள்ள பக்கத்திலிருந்து குண்டூசியை நுழைத்து, பின்பக்கம் ஒரு சின்னப் பாசிமணியைக் கோத்து, ரப்பர் வைத்த பென்சிலின் ரப்பரில் பக்கவாட்டில் குத்துங்கள். ஊசி முனை மறுபக்கம் வெளியே வரவில்லையே என்று தடவிப் பாருங்கள். மணி இல்லாவிட்டால் ஓலை ரப்பரில் உரசி நின்றுவிடும். நாங்கள் சின்ன வயதில் வேலமுள்ளைக் குத்தி, காற்றாடியைப் பிடித்துக்கொண்டு வரப்பில் ஓடினோம். வீட்டுக்குள் ஓட இடம் இல்லையென்றால் மின்விசிறியை நடுத்தர வேகத்தில் வைத்து, அதற்கு நேர் கீழே காற்றாடியின் முகம் மேலே பார்க்கும்படி பிடிக்கச் சொல்லுங்கள். நன்றாகவே சுற்றும்.

கிலுகிலுப்பை, பெட்டி, விசிறி எல்லாம் ஓலையில் செய்யலாம். அவற்றுக்கு முடைகிற பழக்கம் வேண்டும். முதல் நாளிலேயே அதில் இறங்க வேண்டாம். மீந்த ஈர்க்குகளை ஒன்றாகச் சேர்த்துக் கட்டினால் சொப்பு வீட்டுக்கு ஒரு சின்ன விளக்குமாறு ஆகிவிடும்.

இரண்டு நாள் கழித்து, ஓலையில் எழுத்து

எழுதுவதற்கென்று தனியே வைத்த குருத்தோலைகளின் ஈர்க்கை நீக்கி, 3 சென்டிமீட்டர் அகலமும் ஒரு சாண் நீளமும் உள்ள நறுக்குகளாக வெட்டுங்கள். கொழுக்கட்டை இறக்கிய அதே சாயங்காலம், ஒரு கரண்டி மஞ்சள்தூள் போட்ட தண்ணீரில் 20 நிமிடம் கொதிக்க வையுங்கள். சுவடிக்கு ஓலை பதப்படுத்துகிறவர்களும் மஞ்சள் சேர்ப்பார்கள், பூச்சி அரிக்காது. எடுத்துத் துடைத்து, இரண்டு துணிகளுக்கு நடுவில் வைத்து, மேலே கனமான புத்தகங்களை ஏற்றி நிழலில் இரண்டு மூன்று நாள் விட்டுவிடுங்கள். துணி ஈரமாகிவிட்டால் மாற்றுங்கள்.

இடையில் திருக்கார்த்திகை வந்துவிடும். வாசலில் அகல் விளக்கு எரியும், கோயில் முன்னால் சொக்கப்பனை கொளுத்துவார்கள். விளக்கு எரியும்போது பெரியவர் ஒருவர் ஒரு பழைய எவர்சில்வர் கரண்டியின் அடிப்புறத்தைச் சுடருக்கு மேலே கொஞ்ச நேரம் பிடித்தால் கரி படியும். கரண்டி ஆறியதும் கரியை வழித்து, இரண்டு சொட்டு நல்லெண்ணெய் விட்டுக் குழைத்து ஒரு சிமிழில் வைத்துக்கொள்ளுங்கள். மை தயார்.

ஓலை காய்ந்ததும், மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவை எழுத்தாணியாக வைத்துப் பிள்ளைகள் தங்கள் பெயரை அழுத்திக் கீறட்டும். காகிதத்தில் எழுதும்போது கை நகரும். ஓலையில் எழுதியவர்கள் இடது கையில் பிடித்த ஓலையை நகர்த்திக்கொண்டே எழுதினார்கள். அப்படியும் முயன்று பார்க்கட்டும். கீறியதும் ஓலையில் எழுத்து சரியாகவே தெரியாது. பஞ்சில் மையைத் தொட்டு மேலே தடவி, சுத்தமான துணியால் துடைத்துவிட்டால், கீறலுக்குள் மட்டும் கரி நின்று எழுத்து கறுப்பாக எழுந்து வரும். இதற்கு முன்னால் பழைய நாளிதழ் விரித்துக்கொள்ளுங்கள், பிள்ளைகளுக்குப் பழைய சட்டையைப் போட்டுவிடுங்கள். விளக்குக் கரி துணியிலிருந்து லேசில் போகாது.

பெயர் எழுதி முடித்தபின் ஒரு விளையாட்டு. பழைய ஏட்டுச் சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்க மாட்டார்கள், ஓலை பொத்துவிடும். எகர ஏகாரத்துக்கும் ஒகர ஓகாரத்துக்கும் இப்போது இருப்பது போன்ற வேறுபாடும் அவற்றில் இருக்காது. உ.வே. சாமிநாதையர் (1855–1942) ஊர் ஊராகப் போய்ச் சுவடிகளைத் தேடி எடுத்துப் படித்துப் பதிப்பித்தாரே, அவர் முன்னால் இருந்தவை இப்படிப்பட்ட ஏடுகள்தான். பிள்ளைகளைப் புள்ளியே வைக்காமல் ஒரு வரி எழுதி இன்னொருவரிடம் கொடுக்கச் சொல்லுங்கள். 'கொழுக்கட்டை' என்பது 'கொழுககடடை' என்று நிற்கும். போன மழைக்கு என் மகள் 'எனககு இனனும ஒனறு வேணும' என்று எழுதி என்னிடம் நீட்டினாள். எனக்குப் படிக்க அரை நிமிடம் ஆனது.

எழுதி முடித்த ஓலைகளின் ஒரு ஓரத்தில் தடித்த ஊசியால் துளை போட்டு, எல்லாவற்றையும் சேர்த்து நூலில் கோத்து, மேலேயும் கீழேயும் அதே அளவில் வெட்டிய அட்டையை வைத்துக் கட்டிவிடுங்கள். அடுத்த கார்த்திகைக்கு அதே கட்டில் இன்னும் நான்கு ஏடு சேரும்.